காட்டோரத்துப் பறவைகளை விரட்டியது யார்?

சிவகாசி வெடியால் பறவைகள் அழிகின்றன என்று ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்னால் சில மேதாவிகள் உபதேசம் செய்கிறார்கள். தீபாவளி முடிந்ததும், மலையடிவாரத்து விவசாயி காட்டைத் தின்று பறவைகளை விரட்டுகிறான் என்று உபதேசத்தைத் திருப்பிப் போடுகிறார்கள். இரண்டு வழக்கிலும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறவன் உழைப்பாளிதான். வாதியும் அவர்களே, நீதிபதியும் அவர்களே!

நாம் இந்த வழக்கை ஏற்க மறுக்கிறோம். பறவைகள் குறையவில்லை என்று சாதிப்பதற்காக அல்ல. குறைந்திருக்கின்றன. காட்டோரத்தில் பிறந்து வளர்ந்த எவரும் அதை மறுக்கமாட்டார். ஆனால் யாரால், எதனால், யாருடைய லாபத்துக்காக என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள எவரையும் விடமாட்டோம்.

வத்திராயிருப்பு தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர் வரை மேற்குத் தொடர்ச்சி மலை நமது ஜில்லாவுக்கு மதிற்சுவர் போல நிற்கிறது. 1988ல் அங்கே சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைந்தது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதன் காலடியில் மாந்தோப்பு, புளியந்தோப்பு, தென்னந்தோப்பு, அதையடுத்து மக்காச்சோளக் காடு. காடு முடிந்து வயல் தொடங்கும் இந்த ஓரத்தில்தான் பறவையின் பிரச்னை இருக்கிறது. சின்ன விவசாயியின் பிரச்னையும் இதே ஓரத்தில்தான் இருக்கிறது.

எண்ணிக்கை ஏமாற்றும்

"தோப்பில் பறவைகள் ஏராளமாகத்தானே சத்தம் போடுகின்றன? பிறகென்ன குறை?" என்று சிலர் கேட்கிறார்கள்.

உண்மைதான். காக்கை இருக்கிறது, மைனா இருக்கிறது, கொண்டைக்குருவி இருக்கிறது, பச்சைக்கிளி இருக்கிறது. மனிதன் எங்கே போனாலும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும் பறவைகள் இவை. ஆனால் அடர்ந்த காட்டின் உள்ளே, உதிர்ந்த இலைக் குவியலைக் கிளறிப் பூச்சி தின்கிற பறவை தோப்புக்கு வருவதில்லை. வயதான பெருமரத்தின் பொந்தில் முட்டையிடும் இருவாச்சியும், பட்ட மரத்தைக் கொத்திப் பொந்து குடைகிற பெரிய மரங்கொத்தியும் ஐந்தாறு வருடத்தில் வெட்டப்படும் தைலமரத் தோப்பில் எங்கே கூடு வைக்கும்? பொந்து விழும் வயதுவரை அந்த மரத்தை யார் விட்டுவைக்கிறார்கள்?

ஓர் ஊரிலிருந்து நெசவாளியும் குயவரும் கொல்லரும் பஞ்சம் பிழைக்க வெளியேறிவிட்டார்கள். அந்த வீடுகளிலெல்லாம் வட்டிக்கடைக்காரர்கள் குடியேறிவிட்டார்கள். ஜனத்தொகை குறையவில்லையே என்று அந்த ஊரைப் பார்த்துத் திருப்திப்பட முடியுமா? காட்டோரத்துப் பறவைக் கணக்கும் அப்படித்தான். மொத்தத் தலைகளை எண்ணினால் நஷ்டம் தெரியாது. எந்தப் பறவை போயிற்று, எது வந்தது என்று பார்த்தால்தான் தெரியும்.

வால்பாறைப் பக்கம் ஆனைமலையில் ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலமாகப் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அவர்கள் கண்டது என்ன? நாட்டு மரங்களை வெட்டாமல் அவற்றின் நிழலிலேயே வளர்த்த காப்பி, ஏலத் தோட்டங்களில் மழைக்காட்டுப் பறவைகள் பலவும் நடமாடுகின்றன. பக்கத்திலேயே நல்ல காடு இருந்தால் இன்னும் அதிகமாக வருகின்றன. மரத்தையெல்லாம் வழித்துவிட்டு இடுப்பளவு வெட்டி நிறுத்திய தேயிலைத் தோட்டத்திலும் தைலமரத் தோட்டத்திலும் மிகச் சிலவே மிஞ்சுகின்றன.

இதிலிருந்து பெறவேண்டிய பாடம் தெளிவானது. விவசாயம் என்றாலே பறவைக்கு எமன் என்பது பொய். மரம் என்றாலே பறவைக்கு வீடு என்பதும் பொய். எந்தப் பயிர், எந்த மரம், எத்தனை வகை, எத்தனை வயது, காட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் விஷயம். பல மரம் கலந்து நிற்கும் தோப்பு பறவைக்கு வழி விடுகிறது. ஒரே மரத்தை வரிசையாக நிறுத்திய தோட்டம் வழி மறிக்கிறது.

நம் ஜில்லாவிலேயே இதற்குச் சாட்சி உண்டு. சரணாலயத்துக்குப் பெயர் தந்த சாம்பல் நிற அணில் காட்டுக்குள் மட்டும் வாழவில்லை. அடிவாரத்தில் விவசாயிகளின் மா, புளி, தென்னை கலந்த தோப்புகளிலும் கிளைக்குக் கிளை தாவி வாழ்கிறது. அந்தத் தோப்புகளை வைத்தவன் யார்? மேதாவியா? மண்வெட்டி பிடித்த விவசாயிதான்!

மலையை மாற்றியவர்கள் யார்?

சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டுவோம். நீலகிரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தைலமரத்தைக் கொண்டுவந்து நட்டது வெள்ளைக்காரன். விறகு வேண்டும், காசு தரும் மரம் வேண்டும் என்பது அவன் கணக்கு. புல்வெளி அவன் கண்ணுக்குத் தரிசாகத் தெரிந்தது. வெள்ளைக்காரன் போனான், கணக்குப் போகவில்லை. சுதந்திர சர்க்காரின் வனத்துறையும் ஆலைகளுக்கு மரக்கூழும் தோல் பதனிடப் பட்டையும் வேண்டுமென்று தைலமரத்தையும் சீகை மரத்தையும் மலையெங்கும் பரப்பியது.

பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான விண்கோள் படங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாற்பது வருடத்தில் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. அதை விழுங்கியவை மரத் தோட்டங்களும் விவசாயமும். நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு சின்னக் குருவி. மேற்கு மலையின் உச்சிப் புல்வெளியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அதற்கு இடம் கிடையாது. புல்வெளியில் மரத்தை நட்டபோது அந்தக் குருவி வீடிழந்தது. மரம் வெட்டியதால் மட்டுமல்ல, மரம் நட்டதாலும் பறவை அழியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சியம் வேண்டும்?

அடிவாரத்தின் கதை வேறா? சேத்தூர், சிவகிரி ஜமீன்கள் ஆண்ட மலையடிவாரம் இது. 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1949ல் தனியார் காடுகளைப் பாதுகாக்க என்றே சென்னை ராஜதானியில் இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது. ஏன்? நிலம் கைவிட்டுப் போகுமுன் காட்டை வெட்டிக் காசாக்க ராஜதானியெங்கும் ஜமீன்தார்களும் ஜன்மிகளும் அவசரப்பட்டதால்தான். கோவணம் கட்டிய குடியானவனைத் தடுக்க வந்த சட்டமல்ல அது!

சிவகாசியின் பெயரும் இதில் வருகிறது. அதை மறைக்கத் தேவையில்லை. 1923ல் இங்கே தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. தீக்குச்சிக்கு மிருதுவான மரம் வேண்டும். இலவம், மட்டி போன்ற மரங்கள் மேற்கு மலையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இறங்கின. தீக்குச்சிக்கும் ஒட்டுப்பலகைக்கும் என்று மழைக்காடுகளில் மரங்களைப் பொறுக்கி வெட்டிய காலம் அது. இலையுதிர்ந்த மாசியில் இலவமரம் சிவக்கப் பூத்தால், தேனுக்கு மைனாவும் கரிச்சானும் காக்கையும் கூடிச் சந்தை போடும். அந்த மரத்தை வெட்டி விற்ற பணம் யார் பெட்டிக்குள் போயிற்று? குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டிக் கூலி வாங்கிய பெண்ணின் முந்தானையிலா? இல்லவே இல்லை.

காகிதத்தில் வளரும் காடு

இன்றைக்கு என்ன நடக்கிறது? நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்கவேண்டும் என்று 1952ம் வருட வனக்கொள்கை சொன்னது. அன்று முதல் 33 சதவீதம் என்பது மந்திரம்போல ஓதப்படுகிறது. நம் மாநிலத்திலும் 2022ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. 24 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக உள்ள பசுமைப் பரப்பை 33 ஆக உயர்த்துவதே லட்சியம் என்றார்கள். நாட்டு மரங்களை நடுவோம் என்றும் சொன்னார்கள். அதே வருடம் அந்நியக் களைச் செடிகளை அகற்றவும் ஒரு கொள்கை வெளியிட்டார்கள். நல்லதைச் சொன்னால் வரவேற்க நாம் தயங்கமாட்டோம்.

ஆனால் கணக்கெடுக்கும் முறையைப் பாருங்கள்! இந்திய வன அளவாய்வு நிறுவனம் 1987 முதல் அறிக்கை வெளியிட்டு வருகிறது. அதன் இலக்கணப்படி, ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் நிலத்தில், நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் மரநிழல் விழுந்தால் அது "வனப்பரப்பு". நிலம் யாருடையது என்ற கேள்வி இல்லை. என்ன மரம் என்ற கேள்வியும் இல்லை. பழத்தோட்டமும் சேரும், தென்னந்தோப்பும் சேரும், தைலமரத் தோட்டமும் சேரும். இருநூறு வருட அத்திமரம் நிற்கும் காடு அழிந்து, வேறோர் இடத்தில் அதே அளவு தைலமரம் வந்தால் அறிக்கையில் நஷ்டம் இராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டுக் காட்டில் இருவாச்சி கூடு கட்டுமா?

இந்தக் கணக்கின் மேலேயே இன்னொரு கணக்கையும் ஏற்றினார்கள். 2023ல் மத்திய சர்க்கார் "கிரீன் கிரெடிட்" என்ற திட்டத்தை அறிவித்தது. தரம் குன்றிய நிலம் என்று முத்திரை குத்திய இடத்தில் மரம் நட்டால் மதிப்பெண் உண்டு. 2024ல் வெளியிட்ட விதிகளில் ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம், மரத்துக்கு ஒரு மதிப்பெண் என்று எழுதினார்கள். ஓரிடத்தில் காட்டை எடுத்துக்கொள்ளும் கம்பெனி, அதற்கு ஈடாகச் செய்யவேண்டிய நடவுக்கு இந்த மதிப்பெண்ணைக் காட்டவும் வழி வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு விதிகளைத் திருத்தினார்கள். ஆனால் மனப்பான்மை திருந்தியதா?

"தரம் குன்றிய நிலம்" என்று இவர்கள் சொல்வது எது? நம் ஜில்லாவின் கரட்டு மேடும் முட்புதரும் மேய்ச்சல் தரையும்தான். கௌதாரியும் காடையும் வானம்பாடியும் ஆள்காட்டியும் வாழ்வது அங்கேதான். ஆட்டுக்காரரின் ஆடு மேய்வதும் அங்கேதான். அதை நெருக்கமாக மரம் வைத்து அடைத்தால் பறவையும் போகும், ஆடும் போகும். பறவையின் எதிரியும் ஆட்டுக்காரரின் எதிரியும் ஒரே கோப்பிலிருந்து கிளம்பி வருவதைக் கவனியுங்கள்!

மக்காச்சோளமும் மயிலும்

வத்திராயிருப்புப் பக்கம் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு மக்காச்சோளம் போட்டிருக்கும் ஒரு விவசாயியைச் சென்ற பருவத்தில் பார்த்தோம். ராத்திரி முழுவதும் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டுகிறார். மனைவி விடிந்ததும் வெடிக்குழல் சுற்றப் போகிறார். ராத்திரி பன்றி, காலையில் மயில்.

"அண்ணாச்சி, மயில் தேசியப் பறவை. தொட்டால் ஜெயில். சரி, தொடலை. அது தின்ன சோளத்துக்கு தேசம் காசு தருமா?" என்று கேட்டார்.

பதில் சொல்ல நமக்கு வாய் எழவில்லை. 1963ல் மயில் தேசியப் பறவை ஆயிற்று. 1972ம் வருட வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் காப்பாற்றும் செலவை ஏழையிலும் ஏழை தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? ஆத்திரத்தில் விஷம் வைத்த விவசாயி கம்பி எண்ணுகிறான் என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. விஷம் வைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. அது தவறு, செத்த மயிலைத் தின்னும் நாயும் காக்கையும் கூடச் சாகும். ஆனால் அந்த ஆத்திரத்தை விதைத்தது யார் என்று கேட்கிறோம்.

மானாவாரியில் ஒரு காலத்தில் சோளமும் கம்பும் குதிரைவாலியும் துவரையும் கலந்து விளைந்தன. வரப்பில் பனை நின்றது. வேம்பு நின்றது. நாட்டுக் கருவேல் நின்றது. கோழித் தீவனச் சந்தை மக்காச்சோளம் கேட்டது. கடன்காரன் அதையே போடச் சொன்னான். வயல் முழுவதும் ஒரே பயிர் ஆயிற்று. பனையைச் செங்கல் சூளை தின்றது. பனை போனால் அதன் ஓலையில் கூடு ஒட்டும் பனை உழவாரன் போயிற்று. தூக்கணாங்குருவியும் ஊர் மாறிற்று. மாவட்ட ஆட்சித் தலைவர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021ல் அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு, ஆனால் அதற்குள் எத்தனை பனை சாம்பலாயிற்று!

2018ல் படைப்புழு நாட்டுக்குள் வந்தது. அந்தப் பருவத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைச் சூறையாடியது. விவசாயி கடன் வாங்கி மருந்தடித்தான். மருந்துக் கம்பெனிக்கு அறுவடை, விவசாயிக்குச் சக்கை. விவசாய இலாகா என்ன ஆலோசனை சொல்கிறது? வயலில் குச்சி நட்டுப் பறவைத் தாங்கி வை, கரிச்சானும் மைனாவும் வந்து உட்கார்ந்து புழுவைத் தின்னும் என்கிறது. ஆலோசனை சரியானதே. வரப்பு மரம் இருந்த காலத்தில் அந்தக் கரிச்சான் குச்சி கேட்காமலே வந்து வேலை செய்ததே! மரத்தை விலை பேசி வெட்ட வைத்த பொருளாதாரத்தைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை?

ஆக, பறவை போனதால் விவசாயிக்கு லாபமா? இல்லை, நஷ்டம்தான். புழுவைத் தின்ன ஆளில்லை, எலியைப் பிடிக்கக் கூகை இல்லை. அந்த வேலைக்கெல்லாம் இன்று அவன் கடைக்காரனுக்குக் காசு கொடுக்கிறான்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை

நம் இயக்கத்துக்குள்ளேயே சில நண்பர்கள் கேட்கிறார்கள்: "கூலி உயர்வுக்கும் பாதுகாப்புக்கும் போராட வேண்டிய நேரத்தில் குருவிக்கு வக்காலத்து எதற்கு? அது காரில் வந்து படம் பிடிக்கிற பணக்காரர்களின் பொழுதுபோக்கு அல்லவா?"

இந்தக் கோபத்தின் காரணம் நமக்குத் தெரியும். 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது. வெடிக்க இரண்டு மணி நேரம், பேரியத்துக்குத் தடை என்றது. அதையடுத்து சிவகாசியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. முதலாளிக்குச் சேமிப்பு இருந்தது. தொழிலாளிக்கு அடகு வைக்கக் குண்டுமணித் தங்கமும் இல்லை. அன்று முதல் சுற்றுச்சூழல் என்ற சொல்லைக் கேட்டாலே தொழிலாளியின் அடிவயிறு கலங்குகிறது. கலங்காமல் என்ன செய்யும்?

ஆனால், நண்பர்களே, சிந்தியுங்கள். சொல்லைப் பணக்காரன் கையில் விட்டுவிட்டால் தீர்ப்பையும் அவன்தான் எழுதுவான். காடும் மேய்ச்சல் தரையும் வரப்பு மரமும் பொழுதுபோக்கு அல்ல. கண்மாய்க்குத் தண்ணீர் இறங்குவது அந்த மலையிலிருந்துதான். ஆலும் அத்தியும் விதை பரவுவது பறவையின் வயிற்றின் வழியாகத்தான். செண்பகத்தோப்பிலும் அத்திகோவிலிலும் வாழும் பளியர் மக்களுக்குத் தேனும் கிழங்கும் தருவது அந்தக் காடுதான். காட்டை இழந்தவன் கடைசியில் வெடிமருந்துக் கொட்டகைக்குத்தான் வேலை தேடி வருகிறான். மானாவாரி வயல் கைவிட்டதால்தான் இந்த வட்டாரத்துக் கிராமங்கள் உயிரைப் பணயம் வைத்து அந்த வேலைக்குப் போயின. நிலம் சோறு போட்டால், தொழிலாளி பேரம் பேசப் பலம் பெறுவான். இது கூலிப் போராட்டத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று யார் சொன்னது?

காத்தவர்கள் யார்?

பறவையைக் காத்த சரித்திரத்தையும் கொஞ்சம் பார்ப்போம். வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது எதிர்த்து நின்றது கிராமத்து ஜனங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எரு என்று அவர்களுக்குத் தெரியும். 1798ல் செங்கற்பட்டுக் கலெக்டர் அவர்கள் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இருநூறு வருடம் கழித்து, 2020ல், அதே சரணாலயத்தின் பாதுகாப்பு எல்லையைச் சுருக்க யோசனை கிளப்பியது யார்? கிராமத்தார் அல்ல, காக்கவேண்டிய சர்க்காரே! ஜனங்களின் எதிர்ப்புக்குப் பிறகுதான் அந்த யோசனை கைவிடப்பட்டது.

சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி என்று இரண்டு கிராமங்கள். 1977ல் அங்கே பறவைகள் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கண்மாய்க் கருவேல மரங்களில் கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கும் நாரைகளும் கொக்குகளும் மிரளக்கூடாது என்று அந்த ஊர்க் குழந்தைகள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக இந்த வழக்கம். கோர்ட்டு சொல்லவில்லை, போலீஸ் வரவில்லை. சிவகாசித் தொழிலாளிக்கும் அந்த ஊர்க் குழந்தைக்கும் எந்தப் பகையும் இல்லை. ஜனங்களைக் கலந்து, ஜனங்களை நம்பிச் செய்தால் எது சாத்தியம் என்பதற்கு அந்த இரண்டு ஊரும் சாட்சி.

நாம் கேட்பது

காட்டைக் காடு என்றும் தோட்டத்தைத் தோட்டம் என்றும் தனித்தனியே கணக்கெடுத்து ஜனங்கள் முன் வை! நாட்டு மரக் காட்டையும் தைலமரத் தோட்டத்தையும் ஒரே பத்தியில் கூட்டிக் காட்டும் பம்மாத்தை நிறுத்து!

கரட்டையும் புதரையும் மேய்ச்சல் தரையையும் தரிசு என்று எழுதி மரம் வைத்து அடைக்காதே! கிராம சபையைக் கேட்காமல் ஒரு குழியும் தோண்டாதே!

சீமைக்கருவேலையும் தைலமரத்தையும் அகற்றி நாட்டு மரம் வைக்கும் வேலையை ஒப்பந்தக்காரனுக்குக் கொடுக்காதே. கிராமத்துக் கூலிக்காரர்களுக்கும், சீமைக்கருவேல் கரியை நம்பிப் பிழைக்கும் கரிமூட்டத் தொழிலாளிகளுக்கும் நியாயமான கூலியோடு கொடு!

மயிலும் பன்றியும் அழித்த பயிருக்கு அறுவடைக் காலத்துக்குள் நஷ்ட ஈடு கொடு! பட்டா இல்லாத குத்தகை விவசாயிக்கும் கொடு!

கலப்புத் தோப்பும் வரப்பு மரமும் வைக்கும் சிறு விவசாயிக்கு மானியம் கொடு! சிறுதானியத்துக்கும் துவரைக்கும் கட்டுபடியாகும் விலை கொடு!

2006ம் வருட வன உரிமைச் சட்டப்படி பளியர் மக்களின் உரிமையை முழுமையாக வழங்கு! காட்டைப் பற்றிய முடிவுகளில் அவர்களுக்கு இடம் கொடு!

இவை நடக்க முடியாத கோரிக்கைகள் அல்ல. கிராமம் கிராமமாக மகஜரில் கையெழுத்து வாங்குவோம். வத்திராயிருப்பு விவசாயியும் சிவகாசித் தொழிலாளியும் அத்திகோவில் பளியரும் ஒரே வரிசையில் வந்து நின்றால், குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அதுவரை, பரணில் தகரம் தட்டும் அந்த விவசாயியின் கேள்விக்குச் சர்க்கார் பதில் பாக்கி வைத்திருக்கிறது. அந்தப் பாக்கியை வசூலிக்காமல் நாம் விடப்போவதில்லை.